டிசி வாங்குவது கடைசி வேலை: சேலத்தில் கல்லூரி மாற்றம் கேட்டுக் காத்திருப்போருக்கு

மாற்றம் கேட்டு விண்ணப்பம் கொடுத்த மறுநாளே பழைய கல்லூரியை மனசுக்குள் முடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. வகுப்புக்குப் போகமாட்டார்கள். தேர்வுக் கட்டணம் கட்டமாட்டார்கள். "அங்க சீட் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பி டிசியையும் வாங்கிவிடுவார்கள். பிறகு ஆணை வராது. பழைய கல்லூரியின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை, புதிய கல்லூரியில் இன்னும் சேரவும் இல்லை. ஒரு வருடம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். எழுத்தில் சேர்க்கை ஆணை கைக்கு வரும்வரை நீங்கள் பழைய கல்லூரியின் முழு மாணவர். இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

இங்கே சொல்வது கலை அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு. மருத்துவம், செவிலியம், சட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகளும் விதிகளும் உண்டு. அந்தப் படிப்புக்காரர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

உங்களுடையது எந்த வகை மாற்றம்

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காத்திருக்கும் காலம் இதைப் பொறுத்தே நீளும்.

1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் வருகின்றன. இந்த எல்லைக்குள் ஒரு சாதாரண இணைப்புக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எளிது. பாடத்திட்டம் ஒன்று, தாள் குறியீடுகளும் ஒன்றே. கோப்பில் சர்ச்சைக்கு இடமில்லை.

இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்று தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கதை வேறு. சேலம் அரசு கலைக் கல்லூரியும் ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதாம், ஆனால் தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டத்தையும் தேர்வையும் அவையே நடத்திக்கொள்கின்றன. பொறியியலிலும் அப்படித்தான்: கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியும் சோனா கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள தன்னாட்சிக் கல்லூரிகள். "ஒரே யுனிவர்சிட்டிதானே" என்று நினைத்து இணைத்தன்மை வேலையை, அதாவது படித்த தாள்கள் புதிய கல்லூரியில் எதற்குச் சமம் என்று ஒப்பிட்டுக் காட்டுவதை, செய்யாமல் விடுபவர்களின் கோப்புதான் பாதி வழியில் திரும்பி வரும்.

மூன்றாவது வகை பல்கலைக்கழகமே மாறுவது: கோவையிலோ திருச்சியிலோ சேர்ந்துவிட்டு, வீட்டுச் சூழலால் சேலத்துக்குத் திரும்புவோர். இதற்கு இணைத்தன்மைச் சான்றோடு பழைய பல்கலைக்கழகத்தின் இடம்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். இந்த 'மைக்ரேஷன்' சான்றிதழைக் கல்லூரி தராது, பல்கலைக்கழகம்தான் தரும். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

எப்போது கேட்பது

ஒற்றைப்படைப் பருவம் தொடங்கும் நேரம்தான் வாசல். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு முடிகிறது. ஜூன், ஜூலையில் மூன்றாம் அல்லது ஐந்தாம் பருவம் தொடங்குகிறது. இடையில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் கோப்பு நகர வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று சும்மா இருந்தால் அந்த வாரங்கள் போய்விடும். தேர்வு எழுதி முடித்த கையோடு காலியிடம் விசாரித்து விண்ணப்பத்தைக் கொடுங்கள், மதிப்பெண் பட்டியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முதல் பருவம் முடிந்ததும் டிசம்பரில் மாறலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இறுதியாண்டில் மாறுவது எல்லாவற்றிலும் கடினம்.

காகிதங்களின் வரிசை

வரிசை தவறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முதலில் புதிய கல்லூரி முதல்வரிடம் விண்ணப்பம். உங்கள் பாடப்பிரிவில், உங்கள் ஆண்டில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடம் இருக்க வேண்டும். யாராவது முதலாண்டில் படிப்பை விட்டிருந்தால்தான் இரண்டாமாண்டில் இடம் இருக்கும். துறைத் தலைவர் "வாப்பா, சேர்த்துக்கலாம்" என்று சொல்வது நல்ல செய்திதான், ஆனால் அது ஆணை இல்லை. காலியிடம் இருப்பதாகவும் உங்களை ஏற்கச் சம்மதம் என்றும் முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். காலியிடம் அரசு ஒதுக்கீட்டிலா நிர்வாக ஒதுக்கீட்டிலா என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே உதவித்தொகைப் பகுதியில் வரும்.

அந்தச் சம்மதக் கடிதத்தின் நகலை வைத்துப் பழைய கல்லூரியில் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். எல்லோரும் என்ஓசி என்று சொல்வது இதைத்தான். என்ஓசி வேறு, டிசி வேறு. என்ஓசி என்பது "இவர் போவதில் எங்களுக்குத் தடையில்லை" என்ற கடிதம். அதைப் பெற்றபின்னும் நீங்கள் அங்கே மாணவர்தான். டிசி கொடுத்தால் பெயரை நீக்கிவிட்டார்கள் என்று பொருள். அலுவலகத்தில் "ரெண்டையும் சேர்த்தே வாங்கிக்கோங்க" என்று உதவியாகச் சொன்னாலும் மரியாதையாக மறுத்து, என்ஓசி மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

இரண்டு கடிதங்களும் சேர்ந்தபின் கோப்பு மேலே போகும். கலை அறிவியலுக்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தால் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் அனுமதியும் கேட்கப்படலாம்; சேலம் மாவட்டம் அந்தத் துறையின் தருமபுரி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பொறியியலுக்குச் சென்னையில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் அண்ணா பல்கலைக்கழகமும். எந்த அலுவலகங்கள், எந்த வரிசையில் என்பதைப் புதிய கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். காரணத்துக்கான ஆதாரத்தையும் இப்போதே இணைத்துவிட வேண்டும்: பெற்றோரின் பணியிட மாறுதல் ஆணை, மருத்துவரின் சான்று, குடும்ப நிலை மாறியதற்கான ஆவணம் என எது உண்மையோ அது. "சொந்தக் காரணங்கள்" என்று ஒற்றை வரி எழுதிய விண்ணப்பத்தை ஒதுக்கிவைப்பது யாருக்கும் எளிது.

இணைத்தன்மைப் பட்டியல்: கோப்பு தங்குவது இங்கே

தன்னாட்சியோ வேறு பல்கலைக்கழகமோ சம்பந்தப்பட்டிருந்தால், நீங்கள் படித்த ஒவ்வொரு தாளும் புதிய இடத்தில் எதற்குச் சமம் என்று யாராவது உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அந்த வேலையை நீங்களே முக்கால்வாசி முடித்துக் கொடுத்தால் துறைத் தலைவர் சரிபார்த்துக் கையெழுத்திட ஒரு மதியம் போதும். கொடுக்காவிட்டால் பருவம் தொடங்கும்வரை மேசையிலேயே கிடக்கும்.

ஒரு நீளத்தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பழைய கல்லூரித் தாளின் பெயர், குறியீடு, கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உள்மதிப்பீடு எத்தனைக்கு, தேர்வு எத்தனைக்கு, நீங்கள் பெற்றது. வலப்பக்கம் புதிய கல்லூரியின் அதே பருவத் தாள்கள், அதே விவரங்களோடு. நடுவில் அலகு வாரியாக எவை பொருந்துகின்றன என்ற குறிப்பு. கூடவே பழைய சிலபஸின் நகல், ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முத்திரையோடு. இணையத்திலிருந்து எடுத்த அச்சுப்படி மட்டும் போதாது. உங்கள் சேர்க்கை ஆண்டுக்குரிய சிலபஸ்தானா என்று பாருங்கள். பாடத்திட்டம் மாறிய ஆண்டில் சேர்ந்தவர்கள் சீனியரின் சிலபஸைக் கொடுத்துவிட்டுத் திண்டாடுவது வழக்கமாக நடக்கிறது.

ஒப்பிடும்போது முதன்மைத் தாள்களில் பெரும்பாலும் பிரச்சினை வராது, சிக்கல் ஓரங்களில்தான். துணைப்பாடத்தைப் பாருங்கள். இயற்பியல் பட்டப்படிப்பில் ஒரு கல்லூரி முதலாண்டில் கணிதத்தையும் இரண்டாமாண்டில் வேதியியலையும் துணைப்பாடமாக வைக்கும். இன்னொன்று தலைகீழாக வைக்கும். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போனால், படித்த கணிதத்தையே மறுபடி படிக்க நேரும், வேதியியல் விட்டுப்போகும். அப்போது வேதியியலை முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து முடிக்கவும் செய்முறைத் தேர்வு எழுதவும் ஏற்பாடு உண்டா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது முதல் பகுதி மொழிப்பாடம். இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்தவர் போகுமிடத்தில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். பிறகு சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி போன்ற சிறிய தாள்கள். இவற்றை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் நிற்கும். நான் முதல்வன் திட்டத்தில் முடித்த திறன் படிப்புகளையும் பட்டியலில் சேருங்கள்.

மதிப்பெண் முறையும் வேறுபடும். கலைக் கல்லூரிகளில் 25க்கு உள்மதிப்பீடு, 75க்குத் தேர்வு என்பது பழகிய கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கோட்பாட்டுத் தாளுக்கு 40க்கு உள்மதிப்பீடு, 60க்குத் தேர்வு. தன்னாட்சிக் கல்லூரியில் வேறு கணக்கும் இருக்கலாம். உங்கள் மதிப்பெண்ணை எப்படி மாற்றி எழுதுவார்கள் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் இணைத்தன்மைக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

இதோடு டிஜிலாக்கரில் உங்கள் ஏபிசி கணக்கைத் திறந்து பாருங்கள். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த கிரெடிட் வங்கி அது. 12 இலக்க எண் இருக்கும். கிரெடிட்டுகளை ஏற்ற வேண்டியது பழைய நிறுவனம், நீங்கள் அல்ல. ஏறவில்லை என்றால் அங்கே மாணவராக இருக்கும்போதே கேட்பதுதான் எளிது. ஏறாததற்கு வழக்கமான காரணம் பெயர்: ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியல் மட்டும்.

காத்திருக்கும் நாட்களில் கோப்பைத் தொடர்வது

எந்த அலுவலகத்தில் காகிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சில நாட்களில் உங்கள் கடிதத்துக்கு ந.க. எண் விழும், அதாவது நடப்புக் கணக்கு எண். அந்த எண் இல்லாமல் அரசு அலுவலகத்தில் விசாரிப்பது, வார்டு எண் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரியில் ஆளைத் தேடுவதைப் போன்றது.

விசாரிக்கும்போது "ஆர்டர் எப்ப சார் வரும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் ஒரே பதில்தான்: "வரும், போங்க." இப்படிக் கேளுங்கள்: "சார், ந.க. எண் இது, இந்தத் தேதியில தபால்ல சேர்ந்துச்சு. இப்ப எந்த செக்‌ஷன்ல இருக்கு? ஏதாவது குறை எழுதியிருக்காங்களா?" குறை எழுதிக் கோப்பைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அது உங்களுக்குத் தெரியாமலே இருக்கும் நிலைதான் மிக மோசமானது. கடிதம் கல்லூரி முகவரிக்குத்தான் போகும், உங்கள் வீட்டுக்கு வராது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், மதிய உணவுக்கு முன் விசாரிப்பது போதும். தினமும் போனால் பகை, போகாமலே இருந்தால் மறதி. நோட்டில் தேதி, பேசியவரின் பதவி, சொன்ன பதில் என்று மூன்று பத்தி போட்டு எழுதிவாருங்கள்.

பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் கருப்பூர்ப் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. இரண்டு வேலை இருந்தால் ஒரே நாளில் முடிக்கலாம். ஏற்காடு மலையிலிருந்து வருவோர் காலையிலேயே இறங்கிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி, சேலத்தில் பேருந்து மாறிக் கருப்பூர் போய்ச் சேர அரை நாள் ஓடிவிடும். கனமழையில் மண் சரிந்து மலைப்பாதையை அடைத்தால் குப்பனூர் வழிதான். ஆகவே கடைசித் தேதியன்று மலையிறங்கும் திட்டம் வேண்டாம். எஸ்டேட் பகுதிகளிலும் உள்கிராமங்களிலும் சிக்னல் நிலையாக இருக்காது. விண்ணப்பத்தில் உங்கள் எண்ணோடு, சேலம் டவுனில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ நண்பரோ ஒருவருடைய எண்ணையும் கொடுங்கள். அழைப்பு எடுக்கப்படாததால் காலியிடம் அடுத்தவருக்குப் போனால் கேட்க நாதி இல்லை.

ரொம்ப நாள் பதிலே இல்லையென்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு, பதிலுக்கு 30 நாள். ஆனால் 30 நாளில் பருவத்தின் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். சுயநிதிக் கல்லூரியிடம் இதை நேரடியாகப் பயன்படுத்தவும் முடியாது. நேரில் போய்ப் பேசுவது எல்லாம் முடிந்தபின் எடுக்க வேண்டிய வழி அது.

அதுவரை பழைய கல்லூரியில்

வகுப்புக்குப் போங்கள். 75 விழுக்காடு வருகை என்பது 90 வேலை நாள் கொண்ட பருவத்தில் 68 நாள்; விடக்கூடியது 22 நாள்தான். அலுவலக அலைச்சலுக்கே அதில் பாதி போகும். பருவம் தொடங்கியபின் ஆணை வந்தால், பழைய கல்லூரியிலிருந்து வருகைச் சான்று வாங்குங்கள்: எந்தத் தேதி வரை எத்தனை வேலை நாள், எத்தனை நாள் வந்தீர்கள் என்று எண்ணிக்கையில். "வருகை திருப்திகரம்" என்ற வாசகம் புதிய கல்லூரியில் கணக்குக்கு உதவாது. அந்தப் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளையும் எழுதிவிடுங்கள்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் தெரியத்தான் போகிறது. அந்த அரியரை எங்கே, யார் கேள்வித்தாளில் எழுதுவது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாறுவதற்கு முன் ஒரு தேர்வு வாய்ப்பு இருக்குமானால் அங்கேயே முடித்துவிடுவது நூறு மடங்கு நிம்மதி.

கட்டண விஷயத்தில் நிதானம் வேண்டும். 2018 அக்டோபரில் யுஜிசி வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன் விலகினால் முழுக் கட்டணமும் (5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் கழித்து), அதற்குப் பின் ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 விழுக்காடும், கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50 விழுக்காடும் திரும்ப வேண்டும். அதற்கு மேல் எதுவும் இல்லை. இது புதிதாகச் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்த கணக்கு. இரண்டாமாண்டுக்காரர் முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு மாறினால் பணம் திரும்புவது சந்தேகம். பருவத்துக்கு மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். விடுதிக் கட்டணத்தை மாதக் கணக்கில் வையுங்கள்.

அதே அறிவிக்கை, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் அங்கே இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம். பள்ளி டிசி மட்டும் திரும்பாது. அதற்குப் பதிலாகத்தான் கல்லூரி தன் டிசியைத் தரும்.

உதவித்தொகை அறுந்துபோகாமல்

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்களும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை பெறுபவர்களும் தங்கள் யுமிஸ் எண்ணை (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசின் இணையப் பதிவேட்டு எண்) குறித்துவையுங்கள். டிசி வாங்கும் அன்றே, பழைய கல்லூரியில் யுமிஸ் பார்க்கும் ஊழியரிடம் உங்கள் பதிவை விடுவிக்கச் சொல்லுங்கள். பெயர் பழைய கல்லூரியிலேயே நின்றால் பணமும் நிற்கும்.

முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை, தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு உரியது. மாறும்போது நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் ஏற்றுக்கொண்டால் சலுகை போகும். சம்மதக் கடிதத்திலேயே ஒதுக்கீட்டை எழுதச் சொன்னது இதற்காகத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் கட்டாயம் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் இழப்பது சின்னத் தொகையல்ல.

சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மாணவர்களுக்கு ஒன்று: பழங்குடிச் சான்றிதழைத் தருவது கோட்டாட்சியர், வட்டாட்சியர் அல்ல. புதிய கல்லூரி அதன் அசலைப் பார்க்க விரும்பும். பெயரிலோ எழுத்திலோ பிழை இருந்தால் திருத்த நாளாகும், காத்திருக்கும் காலத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முடிவு வந்த நாள்

ஆணையை இரண்டு முறை படியுங்கள். பெயர், பதிவெண், பாடப்பிரிவு, எந்தப் பருவத்திலிருந்து, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும், என்ன நிபந்தனை. "விடுபட்ட தாள்களை எழுதி முடிக்க வேண்டும்" என்றிருந்தால் எந்தத் தாள்கள் என்ற பட்டியல் இணைந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சேரும் முன் கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் பருவத்தில் புதிதாக ஒரு தாள் முளைப்பது இந்தப் பட்டியல் இல்லாதவர்களுக்குத்தான்.

மறுத்திருந்தால் காரணத்தைப் பாருங்கள். காலியிடம் இல்லை என்றால் வேறு கல்லூரிக்குப் புதிய சம்மதக் கடிதத்தோடு தொடங்கலாம். என்ஓசி அந்தக் கல்லூரியின் பெயர் போட்டு எழுதப்பட்டிருக்கும், ஆகவே அதையும் புதிதாக வாங்க வேண்டும். இணைத்தன்மை இல்லை என்றால் எந்தத் தாள் என்று கேட்டு, துறைத் தலைவரிடம் பட்டியலோடு மறுபடி போகலாம். நீங்கள் வருகையும் கட்டணமும் தவறாமல் வைத்திருந்தால், மறுப்பு வந்த அன்று மாலையும் நீங்கள் ஒரு கல்லூரி மாணவர்தான். வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்கள், பெற்றோரின் பதற்றம் பாதி இறங்கும்.

ஏற்றிருந்தால் இப்போதுதான் டிசி. நிலுவையின்மைப் படிவத்தில் நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டுத் துறை, கணக்குப் பிரிவு எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்க ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆய்வகப் பொறுப்பாளர் விடுப்பில் இருக்கும் நாளில் போய் நிற்காதீர்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். டிசி கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் சரிபாருங்கள்: பெயரும் இனிஷியலும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதி, சாதி, படித்த ஆண்டும் பருவமும், விலகிய தேதி. விலகிய தேதிக்கும் புதிய கல்லூரியில் சேரும் தேதிக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி வேண்டாம். அந்த நாட்கள் எந்த வருகைக் கணக்கிலும் ஏறாது. நன்னடத்தைச் சான்றிதழையும் அப்போதே வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் மூன்று செட் நகல் எடுத்து, அலைபேசியிலும் படமெடுத்து வையுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் தேர்வுப் பிரிவுக்குப் போய் உங்கள் பதிவெண் புதிதாக வருமா, பழையதே தொடருமா என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும்; விட்டுப்போனால் நவம்பர்த் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது. பேருந்துப் பயண அட்டையிலும் கல்லூரி பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். விடுபட்ட தாள்களுக்குத் தேர்வுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும், அதன் கடைசித் தேதி வகுப்பறையில் அறிவிக்கப்படாது. தேர்வுப் பிரிவின் அறிவிப்புப் பலகையில்தான் ஒட்டுவார்கள்.